பகல் பதினொரு மணிக்கு சுபஹு

ராத்தாவின் வீட்டுக்குப் போனால் இரண்டு சலாம் சொல்ல வேண்டும். வாசலில் ஒன்று, அது வீட்டு ஆட்களுக்கு. மற்றது, மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய லெப்டொப்களில் எதைத் திறக்கப்போனாலும் மூடியில் கைவைத்துச் சொல்ல வேண்டியது. முதல் நாள் எனக்கு இந்தச் சட்டம் தெரியாது. சந்தையில் கத்தரிக்காய் புரட்டுகிற மாதிரி ஒன்றைப் படாரென்று திறந்துவிட்டேன். ராத்தா ஓடிவந்து மூடியை மெதுவாக அமர்த்தினார்.

"என்ன புள்ள நீ, ஆக்கள்ட வீட்டுக்க தட்டாமப் புகுந்திருவியா? சலாம் சொல்லிட்டுத் தொற. உள்ளுக்கு ஆள் இரிக்கி."

"ஆரு ராத்தா?"

"முந்தி வெச்சிருந்த ஆள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பில் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்த தலைக்கனம் அப்போது எனக்கு. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் பெண் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கியிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் மேசைக் கம்பியூட்டரும் அதோடு சேர்ந்து செத்துவிடும். அதனால் பெட்டரியில் ஓடுகிற லெப்டொப் ஒன்று பழசாகக் கிடைத்தாலும் போதும் என்று தேடிக்கொண்டிருந்தேன். நற்பிட்டிமுனையில் ஒரு பொம்பிளை வீட்டில் வைத்து விற்கிறாராம் என்றார்கள். பொம்பிளையா, லெப்டொப்பா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. என்னைவிட நன்றாக மூத்தவர். ஊரே அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். நெடிய, மெலிந்த உருவம். பக்கத்து அறையில் குழந்தை நித்திரை கொள்வதுபோல எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார். அவருடைய தம்பி கட்டாரில் ஒரு பெரிய ஒபிசில் தேத்தண்ணி போடுகிற வேலை. அந்த ஒபிசில் பழசென்று கழிக்கிற லெப்டொப்களைச் சேர்த்து, லீவில் வருகிற ஊர் ஆட்களிடம் கம்பளிக்குள் சுற்றிக் கொடுத்துவிடுவான். ராத்தா அவற்றைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னல் துணி போர்த்தி வைப்பார். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். மவுசுக்குப் பதிலாகப் போளை மாதிரி ஒரு குண்டு. அதை விரலால் உருட்ட வேண்டும். திரையில் அம்பு நகர்ந்தால் பின்னால் அதன் நிழல் கொஞ்சம் சுணங்கி வரும். எனக்கு அந்த நிழல் பிடிப்பதில்லை.

அன்றைக்கு நான் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டு, "இத கொண்டுபோய் உள்ளுக்குள்ளத எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினாச் சரி" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன். ராத்தா மெசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழிக்கிறண்டா தரமாட்டன்."

"இதென்ன புதினம்? வீடு வாங்கினா பழைய ஆள்ட சாமான வெளிய போடுறதில்லையா?"

"அந்த ஆள் வந்து எடுத்திட்டுப் போனாச் சரி. நீ தூக்கி வீசுறதா?"

"அவர்தான் குடுத்திட்டுப் போயிட்டாரே ராத்தா!"

"போன ஆக்கள் வேற புள்ள, வராத ஆக்கள் வேற. போறவங்க போறன் எண்டு சொல்லிட்டுப் போவாங்க. இவர் உனக்கிட்டச் சொன்னாரா?"

என்ன செய்வது? விலை ஒத்துவந்தது, மெசினும் நல்லது. அழிக்கமாட்டேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். உண்மையிலும் அழிக்கவில்லை. பயமில்லை, சோம்பல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் போடும்போதெல்லாம் முதலில் யாரோ ஒரு அறபியின் பெயர் வரும். பிறகு பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நிற்கிற ஒரு சின்னப் பையனின் படம் வரும். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பையனுக்குக் கைகாட்டிவிட்டுத்தான் தட்டச்சு பழகுவார்கள். என் உம்மாவுக்கு வேறு கரைச்சல். விசைகளில் இங்கிலீசோடு அறபெழுத்தும் அடித்திருந்ததால் மெசினைக் கட்டிலில் வைத்தால் கத்துவா, காலை நீட்டிக்கொண்டு இருந்தால் அதற்கும் கத்துவா.

"ஓதுற எழுத்து இரிக்கி. கைகால் களுவி ஒளு எடுக்காமத் தொடாத. மேல தூக்கி வையி!"

"உம்மா, இது குர்ஆன் இல்ல. ஒபிஸ் மெசின்."

"அலிப் அங்கயும் அலிப்தான்."

அலமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் ஒரு லெப்டொப் இருந்த வீடு கல்முனையில் எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். ராத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உன்ட உம்மாக்கு வெளங்கியிருக்கி" என்றார்.

ராத்தாவின் கதையை எனக்குச் சொன்னதும் உம்மாதான். மாப்பிள்ளை, ராத்தாவின் ஒரே மகளின் வாப்பா, நெல் வியாபாரம். தொண்ணூறாம் ஆண்டு, நாடு எரிந்துகொண்டிருந்த நேரம், லொறியில் நெல்லேற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போனவர். அவரும் வரவில்லை, லொறியும் வரவில்லை. ஆர் பிடித்தது, எங்கே வைத்து, ஒன்றும் தெரியாது. மையித்து என்று ஒரு உடல் இல்லை, செய்தி இல்லை. அவர் இறந்துவிட்டார், மௌத்து என்று ஊர் ஒரு வருஷத்தில் முடிவுகட்டிவிட்டது. புருஷன் மௌத்தானால் பெண்சாதி வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். ராத்தா இருக்கவில்லை. நிறச் சீலைதான் உடுத்தார், வாசல் படலையில் நின்று ஆட்களோடு கதைத்தார். பெரிய ஆட்கள் வந்து புத்தி சொன்னால், "செய்தி வரட்டும், இரிக்கன்" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

விற்காத மெசின் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. கூடத்தின் நடுவில் தனியாக ஒரு சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைப் பின்னல் துணிக்குக் கீழே. அது பகலெல்லாம் போட்டபடியே கிடக்கும். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு நாள் காலையில், என் மெசினுக்கு மாற்று வயர் ஒன்று கேட்டுப் போயிருந்தேன். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முற்றத்தில் கண்ணைக் கூசுகிற வெயில். ரோட்டில் மீன்காரன் ஹோன் அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்துபோனதும் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து பாங்கு சொல்லத் தொடங்கியது. தகரத்துக்குள் நின்று சொல்கிற மாதிரி மெல்லிய ஒரு ஆண் குரல்.

தொழுகை நேரத்தைப் பார்த்துப் பாங்கு சொல்கிற புரோகிராம் அறபு நாட்டு மெசின்களில் இருக்கும், நான் கொழும்பில் கண்டிருக்கிறேன். அதனால் திடுக்கிடவில்லை. பழக்கத்தில் வாய்க்குள் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் நடுப்பகல் தொழுகைக்கான ளுஹர் நேரம் ஆகவில்லையே என்று நினைத்த அந்த இடத்தில் குரல், 'அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்' என்றது. நித்திரையைவிடத் தொழுகை மேலானது. இந்த வரி விடியற்காலைச் சுபஹுப் பாங்கில் மட்டும்தான் வரும். இருட்டோடு, போர்வைக்குள் கிடந்து கேட்கிற வரி. அதைக் கொளுத்துகிற வெயிலில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கேட்டபோது என் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

"ராத்தா... இது சுபஹுப் பாங்கு."

"ஓம். இப்பதான் விடியுது" என்றார் ராத்தா.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு மணி.

துணியை நீக்கிப் பார்க்க என்னை விட்டார். திரையின் மூலையில் இருந்த திகதியைக் கண்டதும் எனக்கு விளங்கியது. 1990 ஜனவரி முதலாம் திகதி, திங்கட்கிழமை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. தெரிந்த வருத்தம், மருந்தும் தெரியும். மெசின் நிற்பாட்டிக் கிடக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க உள்ளே ஒரு வட்டச் செல் இருக்கிறது, அது செத்துவிட்டது, அதனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் இது முதல் நாளுக்கே, நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்கே திரும்பிப் போகிறது என்று வகுப்பில் சொல்கிற மாதிரி விளக்கினேன். ராத்தா இரவில் நிற்பாட்டிவிட்டு, காலையில் ஆறு மணிக்குப் போடுவாராம். அங்கிருந்து எண்ணினால் அதற்குச் சுபஹு வருவது எங்களுக்குப் பதினொன்று.

"மணிக்கூட்டுக் கடையில செல் இரிக்கி ராத்தா. நாளைக்கே மாத்தித் தாறன்."

"தெரியும். தம்பியும் சொன்னான். தொடாத."

"ஏன்?"

ராத்தா துணியைத் திரும்பப் போர்த்தி, சுருக்கத்தை விரலால் நீவினார்.

"லொறி போனது அந்த வருசம் நடுவுல. இதில இன்னம் ஜனவரி. மகள்ட வாப்பா இன்னம் வெளிக்கிடல்ல."

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். விசர் பிடித்த மனுஷி என்று வாய்விட்டே சொன்னேன். ஆனாலும் அடுத்த கிழமை திரும்பப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அவரை எனக்குப் பிடித்துவிட்டது, வேறென்ன? நான் சொல்வதைக் கம்பியூட்டர் படித்தவள் சொல்கிறாள் என்று வாயைப் பிளந்து கேட்காத ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான்.

பள்ளிவாசல் மோதினார் வந்து சண்டை பிடித்த அன்றும் நான் அங்கே இருந்தேன். ஊருக்குப் பாங்கு சொல்கிற மனுஷன்; அவருக்குக் கோபம் வராதா? படலையில் நின்றே தொடங்கினார்.

"என்ன தங்கச்சி இது? நடுப்பகல்ல சுபஹு பாங்கு! நேத்து பக்கத்து வீட்டு வயசாளி எழும்பி முன் சுன்னத்தும் தொழுதிட்டாரு. கேட்ட புள்ளையெல்லாம் ஜின் பாங்கு சொல்லுதெண்டு ஓடுது!"

"சத்தத்தக் குறைச்சி வெக்கன் மோதினார்."

"குறைக்கிறதென்ன, நேரத்த மாத்துங்க!"

"அவருக்கு நேரம் வரல்லயே" என்றார் ராத்தா, அதே தாழ்ந்த குரலில்.

மோதினார் என்னைப் பார்த்தார். செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். மனுஷன் ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ராத்தா சத்தத்தை உண்மையிலேயே குறைத்தார். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்.

முதலில் ராத்தா அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நடந்து முடிந்த கதையாகத்தான் சொல்வார். அன்றைக்கு மாரி மழை, மகள்ட வாப்பா குடையோடு வயல் பார்க்கப் போனார், வந்து கோப்பி கேட்டார் என்று. எல்லோரும் சொல்கிற மாதிரி. போகப் போகப் பேச்சு மாறியது. 'போனார்' என்பது 'போயிருக்கார்' ஆனது. நான் போகிற நேரம் பகல் என்றால், "சத்தம் போடாத, அவர் இன்னம் எழும்பல்ல" என்பார். பின்னேரம் என்றால், "வயலுக்குப் போயிருக்கார், வாற நேரம்தான்" என்பார். இதையெல்லாம் சொல்லும்போது கண்ணில் ஒரு கலக்கமும் இருக்காது. கணக்குத் தெளிவாக இருக்கும், விலை பேசினால் என்னைவிடக் கெட்டிக்காரி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முழு விசர் என்றால் பரிதாபப்பட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஒரு ஜூலை மாதம். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் துண்டு முகிலும் இல்லை. நான் முற்றத்துக்குள் நுழைய, ராத்தா கொடியில் காய்கிற உடுப்பையெல்லாம் அவதியாக உருவிக்கொண்டிருந்தார்.

"கெதியா வா புள்ள, இந்தப் பக்கத்தப் பிடி. நனையப்போகுது."

"எங்க ராத்தா மழை?"

"சத்தம் கேக்கல்லயா?"

நான் காது கொடுத்தேன். காய்ந்த தென்னோலை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்தான். அதுவும் ஒரு மாதிரி மழைபோலத்தான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டு உடுப்பை வாங்கிக்கொண்டேன். வாசல் மூலையில் அவருடைய மாப்பிள்ளையின் குடை எப்போதும் போலச் சாய்ந்து நின்றது. மரப்பிடி போட்ட கறுப்புக் குடை. மடிப்பெல்லாம் புழுதி, ஒரு மடிப்பில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அந்தச் சிலந்தியைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

அடுத்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தது. நல்ல இடம். பையன் கட்டாரில், ராத்தாவின் தம்பியோடு ஒரே இடத்தில் வேலை. மகளும் அவனைப் போட்டோவில் பார்த்துவிட்டு, புத்தகத்துக்குள் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு திரிந்தாள். எல்லாம் பொருந்திவிட்டது, ஒரு கேள்வியில் வந்து முட்டியது. நிக்காஹில் பெண்ணைக் கொடுக்க அவளுடைய வாப்பா வேண்டும். வாப்பா மௌத்து என்றால் வாப்பாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், கொடுக்கலாம். அவர் கொடுக்க ஆயத்தமாக இருந்தார். வாப்பா காணாமல் போனவர், மௌத்தும் இல்லை ஹயாத்தும் இல்லை என்றால் குடும்பத்தில் ஒருவருக்கும் கொடுக்கிற உரிமை இல்லை, மார்க்க நீதிபதியான காதியார்தான் கொடுக்க வேண்டும். பையன் வீட்டார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஆக்கள் இருக்க, நாதியில்லாத பிள்ள மாதிரி எடுக்கிறதா?" என்றார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. பையனின் லீவு முடிந்துகொண்டிருந்தது.

ஆக, காதியார் முன்னால் ராத்தா ஒரு சொல் சொல்ல வேண்டும். மௌத்து. அவ்வளவுதான். அதைச் சொன்னால் மகளுக்கு வாழ்க்கை. சொல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் இல்லை.

மகள் உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கிட்ட வந்து அழுதாள்.

"உம்மாட்டச் சொல்லாதீங்க. எனக்கு வாப்பாட முகமும் சரியா நினைவில்ல. ஆனா நான் கேட்டு உம்மா அவர மௌத்தாக்கினா, மறுகா நான் எப்பிடி உம்மாட முகத்தப் பாக்கிற?"

அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டொரு நாளில் ராத்தாவே கல்முனைக்கு வந்தார். என் வகுப்புக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்த பின்னேரம். மெசினை வெள்ளைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். மேசையில் வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு புதிய வட்டச் செல்லை எடுத்து நீட்டினார். மணிக்கூட்டுக் கடைக்கு அவரே போயிருக்கிறார்.

"போடு புள்ள."

"நல்லா யோசிச்சீங்களா ராத்தா?"

"யோசிச்சா ஏலாமப் போயிரும். போடு."

மூடியில் கைவைத்து சலாம் சொல்லிவிட்டு மெசினைப் புரட்டி, ஆணியைக் கழற்றிச் செல்லை மாற்றினேன். திரும்பப் போட்டு, திகதி மாற்றுகிற இடத்தைத் திறந்தேன். வருஷத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அமர்த்த அமர்த்த ஒவ்வொரு வருஷமாக ஏறும். நான் கடகடவென்று அமர்த்தப் போனேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

"மெதுவா. ஒவ்வொண்டாப் போ."

அமர்த்தினேன். தொண்ணூற்றியொன்று. "மகளுக்கு அம்மை போட்ட வருசம்" என்றார். அமர்த்தினேன். "மாமி மௌத்தான வருசம். மகனக் கேட்டுக் கேட்டே போனா." அமர்த்தினேன். "இந்த வருசம் வீட்டுக்கு ஓடு மாத்தின. வந்தா அவருக்கு அடையாளம் தெரியாமப் போயிருமோ எண்டு கதவ மட்டும் பழைய கதவாவே விட்டன்." அடுத்த வருஷத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். எனக்குத் திரை கலங்கித் தெரிந்தது. அம்பு எங்கே, அதன் நிழல் எங்கே என்று தெரியாமல் ஒரு தடவை தப்பாகக் கீழ்ப்பக்கம் அமர்த்தி ஒரு வருஷம் பின்னால் போய்விட்டேன். அப்போது ராத்தாவின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்துபோனதைக் கண்டேன். அல்லாஹ்வே, அதை ஏன் கண்டேன்!

அன்றைய திகதிக்கு வந்தோம். நேரத்தையும் சரிசெய்து, பாங்குப் புரோகிராமில் இருந்த டோஹாவைக் கொழும்பு ஆக்கினேன். பிறகு பள்ளி ஒலிபெருக்கி கரகரத்து, பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்க, மேசையிலிருந்த மெசினும் சேர்ந்து சொல்லத் தொடங்கியது. அந்த மெல்லிய குரலை ஊரின் நேரத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு குரலும் முடிகிற மட்டும் ராத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும், மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற சொல்லைச் சொன்னார்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."

பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஒன்பது வருஷத்து அழுகை. நானும் சேர்ந்து அழுதேன், அந்த மனுஷனை ஒரு நாளும் கண்டதில்லை.

அடுத்த நாள் காதியார் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னார். வெள்ளை உடுத்து அறைக்குள் போனார். அந்தக் கிழமையே நிக்காஹ். வீட்டுக் கூடத்தில் பெண்ணின் பெரிய வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தார். இத்தா இருப்பவர் வெளியே வரக்கூடாது என்பதால் ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டார். மோதினார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போதுதான் அந்த வீடு சரியாகியிருக்கிறது என்று பேசிக்கொண்டு எல்லோரும் புரியாணி சாப்பிட்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தா நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் காலையில் பார்க்கப் போனேன். மகள் கோழிக்கறிக்குச் சாமான் அரைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணக் களை இன்னும் முகத்தில் இருந்தது. கூடத்துச் சின்ன மேசை வெறுமையாக இருந்தது. மெசின் எங்கே என்றேன். "உம்மாட அறைக்க" என்றாள். திரையை விலக்கிக்கொண்டு போனேன். ராத்தா வெள்ளைச் சீலையில், பாயில் இருந்தார். அழுது முடித்த முகத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு, அவருடைய முகத்திலிருந்த குளிர்ச்சி ஒரு மாதிரியாக இருந்தது. என்னை இருக்கச் சொன்னார். மகளின் குணம், மருமகனின் குணம் எல்லாம் கதைத்தோம். மெசின் அவருடைய தலையணைக்குப் பக்கத்தில், துணிக்குள்.

பாங்கு சொன்னது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. குரல் ஏறி இறங்கி அந்த இடத்துக்கு வந்தது. அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்.

ராத்தா தலையணைக்குக் கீழே கைவிட்டு, கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்தேன். நான் போட்ட செல்.

"கல்யாணம் முடிஞ்ச அண்டைக்கே கழட்டிட்டன். நீ செய்தத ஒளுங்காப் பார்த்து வெச்சிருந்தன்."

"ராத்தா, நீங்க காதியாருக்கு முன்னால..."

"சொன்னன். வெளிய உள்ளவங்களுக்கு அவர் மௌத்து. அதுக்குத்தான் வெள்ள உடுத்திரிக்கன். மகளுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "உள்ளுக்கு என்ட கணக்கு வேற. அதில ஆரும் தலையிடத் தேவல்ல."

கோபம் வந்தது எனக்கு, பொய் சொல்லவில்லை. என் தோளில் அழுத அழுகை என்னவாயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். போய் வாறேன் என்று எழுந்தேன்.

வாசலில் செருப்பைத் தேடிக் காலை வைத்தவள் திடுக்கிட்டு எடுத்தேன். கால் நனைந்தது. மூலையில் அந்தக் கறுப்புக் குடை சாய்ந்து நின்றது. சிலந்திக் கூடு இல்லை, புழுதி இல்லை. துணி கறுகறுவென்று மின்னிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் சீமெந்தில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கி என் செருப்பு வரைக்கும் ஓடிவந்திருந்தது. முற்றத்தில் புழுதி பறந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அடுக்களையில் மகள் அரைக்கிற சத்தம் நிற்கவில்லை.

"ராத்தா," என்று திரைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன், "குடை நனைஞ்சிரிக்கி."

"சத்தம் போடாத புள்ள" என்று உள்ளேயிருந்து சொன்னார். "இப்பதான் வந்து படுத்தவர்."

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தக் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு ஓடினேன். படலைக்கு வந்த பிறகுதான், போகும்போது சலாம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று நினைத்தேன். திரும்பி நின்று சொன்னேன், இரண்டு தடவை.